முப்பத்து மூன்றாவது நிமிடம்

இது எனக்கு நேரடியாகத் தெரிந்த கதை இல்லை. செண்பகவடிவுடன் விடுதியில் ஒரே அறையில் இருந்த ஜெபக்கனி சொல்லிக் கேட்டது. வடிவு அவளிடம் ஒரே ஒரு தடவைதான் இதைப் பேசினாளாம், ஒரு நோட்டையும் காட்டினாளாம். இதில் வரும் எண்கள் அந்த நோட்டில் உள்ளவை. எண்களுக்கு நடுவில் அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதில் ஜெபக்கனி சொன்னது எவ்வளவு, நானாக நிரப்பிக்கொண்டது எவ்வளவு என்று இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை. நானும் எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன்தான். அதனால் நிரப்புவது சுலபமாக இருந்தது. சுலபமாக இருந்ததாலேயே அந்த இடங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு வாசியுங்கள்.

கதவு சாத்திக்கொண்டபோது மணி இரண்டு முப்பத்தொன்று. வடிவு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அதை நம்பாமல் கைப்பேசியையும் பார்த்தாள், நீல அட்டை போட்ட நோட்டில் இருபத்து மூன்றாவது வரியில் 2.31 என்று எழுதினாள். அதே வரியில் இடதுபக்கம் அவளுடைய எண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது: ஆறு. ஆறு நிமிடம். குணசீலன் சார் புதன்கிழமைதோறும் தன்னிடம் ஆய்வு செய்யும் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்ப்பார், வடிவு ஒருத்தி, நிரஞ்சனா ஒருத்தி. இன்றைக்கு வடிவு ஆறு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். நிரஞ்சனா இப்போதுதான் உள்ளே போயிருக்கிறாள், போகும்போது, “வடிவக்கா, அதுக்குள்ள முடிஞ்சிட்டா? லக்கிக்கா நீங்க. என்னை உக்கார வச்சு உரிச்சிருவார்” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள், தட்டினாளா தட்டவில்லையா என்று தெரியாத மாதிரி ஒரு தட்டு, உடனே கதவு, உடனே நாற்காலி இழுபடும் சத்தம். லக்கி. அந்தச் சொல் தாழ்வாரத்து இரும்புப் பெஞ்சின் சூட்டைப்போல வடிவின் தொடையில் ஒட்டிக்கொண்டது. சித்திரை வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் கோடு கோடாகப் போட்டிருந்தது, எதிரே ஜெராக்ஸ் இயந்திரம் காய்ந்த வாசனை விட்டுக்கொண்டிருந்தது, போர்டிகோ மேல் ஒரு மயில் நடக்கும் சத்தம், தகரத்தில் நகம். நாற்காலி இழுபட்டது. சார் உட்காரச் சொன்னாரா, அவளாக உட்கார்ந்தாளா? அதை எழுத நோட்டில் இடமில்லை. நோட்டில் இருப்பது நிமிடங்கள் மட்டும்தான், நிமிடம் பொய் சொல்லாது, அதற்கு யார் மேலும் பாசமில்லை. வடிவின் பையில் ஒரு கடிதம் இருக்கிறது. துறைத்தலைவருக்கு. எனக்கு நெறியாளரிடமிருந்து போதிய வழிகாட்டுதல் கிடைக்கவில்லை, ஆகவே வேறு நெறியாளரை ஒதுக்கித் தருமாறு. இன்றைய வரி நிறைந்ததும், இருவர் நிமிடங்களின் வித்தியாசம் வெறும் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் ஐந்து சதவீதத்துக்குக் கீழே வந்தால் கொடுப்பாள், வராவிட்டால் கொடுக்கமாட்டாள். கொடுத்தால் நாலாம் வருடத்தில் நெறியாளர் மாற்றம், புது நெறியாளரிடம் குறைந்தது ஒரு வருடம் இருந்தாக வேண்டும், உதவித்தொகையோ இன்னும் எட்டு மாதத்தில் நின்றுவிடும். அதற்கப்புறம் செங்கோட்டை மர அறுவை மில்லில் தடி தூக்கும் அப்பாவிடம், இன்னும் முடியலப்பா என்று சொல்ல வேண்டும். அவருக்கு ஆய்வு என்றால் என்னவென்று தெரியாது. முடியும், முடியாது என்பது மட்டும் தெரியும். அதனால்தான் இதை மனம்போன போக்கில் முடிவு செய்யக்கூடாது என்று இத்தனை நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். மனம் என்ன வேண்டுமானாலும் சொல்லும். எண் வரட்டும்.

ஆறு நிமிடத்தில் என்ன நடந்தது என்று மறுபடி ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள், ஓட்டிப் பார்க்கவும் ஆறு நிமிடம் தேவைப்படவில்லை. சங்கிலி அண்ணன் ஆய்வு மாணவர் அறை வாசலில் வந்து நின்று, “ஏ வடிவு, சார் வரச் சொல்லுதாவ” என்றார். அவர் புள்ளியியல் துறையின் அட்டெண்டர், தலையை மட்டும் உள்ளே நீட்டிச் சொல்வார். அச்செடுத்த தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். சார் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டினார். “இந்த மாதிரியை ஏன் எடுத்தேன்னு காரணம் எழுதலையேம்மா?” “எழுதிடுறேன் சார்.” “இந்த அட்டவணை வேணுமா?” “எடுத்துடுறேன் சார்.” “எடுக்கச் சொல்லல. வேணுமான்னு கேட்டேன்.” “சரி சார்.” அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு கணம் பார்த்தார், ஏதோ கேட்கப்போகிற மாதிரி இருந்தது, பிறகு கோப்பை மூடி, “சரிம்மா, போயிட்டு வா” என்றார். அவ்வளவுதான். அட்டவணை வேண்டும்தான். அதைச் செய்ய ஒரு மாதம் ஆனது, தென்காசிப் பக்கத்து இருநூறு வீடுகளின் தண்ணீர்க் கணக்கு, ஒவ்வொரு வீட்டிலும் குடம் எண்ணி வாங்கியது. வேண்டும் சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அரை வினாடி. ஆனால் வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பார், ஏன் என்றால் வாய் திறக்க வேண்டும், திறந்து தப்பாகிவிட்டால், இத்தனை வருடம் படித்தும் இதுகூடத் தெரியவில்லையா என்று அவர் நினைத்துவிட்டால். உள்ளே நிரஞ்சனாவின் குரல் கதவைத் தாண்டி வந்தது. “அதெப்படி சார்? அப்படிப் பாத்தா நம்ம போன மாசம் செஞ்சதே தப்பாயிரும்ல?” தொடர்ந்து சாரின் சிரிப்பு. இரண்டு முப்பத்தெட்டு. அதெப்படி சார். அதெப்படி சார். வடிவு அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள், வேறு யாருடைய செருப்பிலோ கால் நுழைத்த மாதிரி இருந்தது. நம்ம என்கிறாள். நம்ம போன மாசம் செஞ்சது. சாரும் அவளும் சேர்ந்தால் நாம், அதில் வடிவு எங்கே?

ஒருமுறை நிரஞ்சனா அவளை வீட்டுக்குக் கூட்டிப்போனாள், இரண்டு வருடத்துக்கு முன்பு. அவள் அப்பா கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர், அம்மா வங்கியில். மேசை போட்டுத் தோசை. அப்பா ஏதோ ஒரு கணக்குச் சொன்னார், பெட்ரோலுக்கும் மின்சார ஸ்கூட்டருக்கும், அதற்கு நிரஞ்சனா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, “தப்புப்பா, பேட்டரி தேயறதை நீங்க சேக்கவே இல்ல” என்றாள். வடிவின் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது, இப்போது ஏதோ விழப்போகிறது, தட்டோ கையோ. அந்த மனிதர் சிரித்தார். சிரித்து, “ஆமால்ல” என்று சொல்லி இன்னொரு தோசை கேட்டார். வடிவு கை கழுவுகிற சாக்கில் எழுந்துபோய் வாஷ்பேசின் முன்னால் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். ஒரு தோசைக்கும் அடுத்த தோசைக்கும் நடுவில் அப்பாவிடம் தப்பு என்று சொல்ல முடிகிறது, சொன்னால் அவர் சந்தோஷப்படுகிறார். இதை எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ப்பது, எந்தப் புத்தகத்தில் எத்தனையாவது அத்தியாயம், இதை எத்தனை மார்க்கால் ஈடுகட்டுவது? எம்.எஸ்சி.யில் வடிவுதான் முதலிடம். நிரஞ்சனா நாலாவது. நாலாவது. அதை அடிக்கடி நினைத்துக்கொள்வாள், நினைத்துக்கொள்ளும்போது இனிக்கும், பிறகு வாய் கசக்கும். இதற்குப் பெயர் பொறாமை என்று ஜெபக்கனி ஒருநாள் சொன்னாள், “ஒனக்கு அவ மேல பொறாம பிள்ள, ஒத்துக்க, ஒத்துக்கிட்டா பாதி சரியாயிரும்.” வடிவு மூன்று நாள் அவளிடம் பேசவில்லை. பொறாமை இல்லை. இது ஒரு கருதுகோள். சார் எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் நடத்துகிறார் என்பது இன்மைக் கருதுகோள், அப்படி இல்லை என்பது மாற்றுக் கருதுகோள். சோதித்துப் பார்ப்பதில் என்ன பொறாமை இருக்கிறது. அந்த வாரம்தான் நோட்டு வாங்கினாள்.

இரண்டு நாற்பத்தாறு. பதினைந்து நிமிடம். கைப்பேசியில் அட்டவணையைத் திறந்து இன்றைய இடத்தில் சும்மா எண்களைப் போட்டுப் பார்த்தாள், கோவில் வாசலில் சீட்டு எடுப்பவன் போல. நிரஞ்சனா இருபது நிமிடத்தில் வந்துவிட்டால் எண் ஏழு சதவீதத்துக்குப் பக்கத்தில் நிற்கும். முப்பத்தொன்றில் ஐந்துக்குச் சற்று மேலே. முப்பத்து மூன்று. முப்பத்து மூன்று நிமிடம் இருந்தால் போதும், ஐந்துக்குக் கீழே, மயிரிழை. மூன்று மணி நாலு நிமிடம் வரை. ரொம்ப இருந்தாலும் ஆபத்து, ஐம்பது நிமிடத்தைத் தாண்டினால் சிதறல் கூடி எண் மறுபடி மெல்ல ஏறத் தொடங்கும், அவ்வளவு தூரம் போகமாட்டாள். இரு. வராதே. இன்னும் ஏதாவது கேள், அதெப்படி சார் என்று கேள், சிரிக்க வை. அவள் விரல்கள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தன. யாருக்குச் சாரின் நேரம் கிடைக்கிறது என்று ஐந்து மாதமாக வயிறு எரிந்தாளோ அவளுக்கே இன்னும் கிடைக்கட்டும் என்று இப்போது வேண்டிக்கொண்டிருக்கிறாள். இதில் எங்கோ ஒரு கோணல் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்க்கப் போன மனம் சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டது. சங்கிலி அண்ணன் தண்ணீர் பாட்டிலோடு அந்தப் பக்கம் வந்தார். “என்ன பிள்ள, இன்னும் போகலியா? பெஞ்சில வெயில் அடிக்கே, ரூமுக்குள்ள இரேன்.” “இல்லண்ணே, ஒருத்தருக்காக நிக்கேன்.” “நிக்கவா? உக்காந்துல்லா இருக்க” என்று சிரித்துவிட்டுப் போனார். ஒருத்தருக்காக. யாருக்காக?

முதலில் பன்னிரண்டு வாரம் என்றுதான் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். பன்னிரண்டு வாரம், அதோடு நிறுத்தி, ஒரே ஒரு முறை கணக்குப் போட்டு, வந்ததை ஏற்றுக்கொள்வது. பன்னிரண்டாம் வாரம் பதினான்கு சதவீதம் வந்தது. நிராகரிக்கப் போதிய சான்று இல்லை. சான்று இல்லை என்றால் இல்லை என்று ஆகிவிடாதே, சான்று போதவில்லை என்றுதானே அர்த்தம், போதவில்லை என்றால் இன்னும் நாலு வாரம். பதினைந்தாம் வாரம் ஆறு சதவீதம், அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, காய்ச்சல் வருவதுபோல் ஒரு சந்தோஷம். பதினாறாம் வாரம். அதை நினைக்காமல் தாண்டிவிட வேண்டும் என்று பார்த்தாள், தாண்ட முடியவில்லை, நோட்டில் அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு அடைப்பு இருக்கிறது. அன்று சார் அவளை நாற்பது நிமிடம் உட்கார வைத்திருந்தார். அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன், அதற்கு லீவு கேட்டிருந்தாள். எந்த ஆஸ்பத்திரி, காப்பீட்டு அட்டை இருக்கிறதா, யார் பக்கத்தில் இருக்கிறார்கள், தன் கூடப் படித்த டாக்டர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று போன் போட்டுப் பேசி, டீ வரவழைத்து, பிறகு இரண்டாம் அத்தியாயம் நன்றாக வந்திருக்கிறது என்றும் சொன்னார். நன்றாக வந்திருக்கிறது. அந்த நாற்பது நிமிடமும் அவள் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் சார், விடுங்க சார், எண் கெடுகிறது. நிரஞ்சனாவுக்கு அன்று பன்னிரண்டு. ஆறு சதவீதம் இருபதாக ஏறிவிட்டது. அழுகை வந்தது, அப்பாவுக்காக என்று விடுதியில் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், ஜெபக்கனி தலையைத் தடவிக்கொடுத்தாள். அந்த வரியை அடித்துவிடலாமா? அது ஆய்வைப் பற்றிய பேச்சு இல்லையே, அது வேறு, இரக்கம் வேறு வழிகாட்டுதல் வேறு. அடைப்புப் போட்டாள். அடிக்க மட்டும் கை வரவில்லை. தான் நேர்மையானவள் என்பதற்கு அந்த அழிக்காத வரியே சாட்சி என்று பிறகு நினைத்துக்கொண்டாள், அது அவளுக்குத் தெம்பாக இருந்தது. அந்தத் தெம்பில் இருபது வாரம், இருபத்திரண்டு வாரம். போன புதன் ஒன்பது சதவீதம்.

போன திங்கள் எம்.எஸ்சி. முதல் வருடப் பிள்ளைகளுக்கு அவள்தான் வகுப்பு எடுத்தாள். விடுதி மெஸ்ஸில் இரண்டு சமையல்காரர்கள், ஒருவர் ஊற்றும் இட்லி மற்றவர் இட்லியைவிட எடை குறைவா என்று உதாரணம் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு வித்தியாசமோ இதைவிட அதிகமோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு, அதைத்தான் அந்த எண் சொல்லுது, வேற எதையும் சொல்லல. கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். “அக்கா, அப்ப மூணு சதவீதம் வந்தா, தொண்ணூத்தேழு சதவீதம் அவர் இட்லியில கை வைக்கிறார்னு அர்த்தமா?” “இல்லப்பா. அது அவரைப் பத்தின எண்ணே இல்ல. நம்ம கையில இருக்கிற இட்லியைப் பத்தின எண்.” எவ்வளவு அழகாகச் சொன்னாள். “இன்னொண்ணு, எத்தனை இட்லி நிறுக்கப் போறோம்னு முதல்லயே முடிவு பண்ணிரணும். ஒவ்வொண்ணா நிறுத்து, வேண்டியது வர்ற வரைக்கும் நிறுத்துக்கிட்டே போனா, யார் மேல வேணும்னாலும் குத்தம் நிரூபிச்சிரலாம்.” அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். தெரியாமல் செய்கிறாளா என்ன? எல்லாம் தெரியும். தெரிவது ஒரு பக்கம் இருக்கிறது, ஆறு நிமிடம் இன்னொரு பக்கம் இருக்கிறது, இரண்டும் ஒரே வீட்டில் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பி மாதிரி. அவள் எதற்கு ஆறு நிமிடத்தில் எழுந்தாள்? எழுந்திரு என்று சொன்னாரா? போயிட்டு வா என்றார். அதற்கு முன்னால் இவள் தாள்களை அடுக்கத் தொடங்கிவிட்டாளா? அடுக்கினாள் என்றுதான் நினைவு. இல்லை, அவர் கோப்பை மூடினார், பிறகுதான். எது முதலில்? ஆறும் ஐந்தும் எட்டும் என்று இடதுபக்கம் வரிசையாக நிற்கும் எண்களை எழுதியது சாரா, தானா என்று ஒரு கேள்வி, ஒரு சின்னப் பூச்சி போல, காதருகில் வந்து பறந்தது. உள்ளே மறுபடி சிரிப்பு. பூச்சி போய்விட்டது. பாருங்கள், இவளிடம் ஒரு நாளாவது அப்படிச் சிரித்திருக்கிறாரா? சிரிப்பை எண்ணியிருக்க வேண்டும்.

மூன்று மணி. இருபத்தொன்பது நிமிடம். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது, முடிந்துவிட்டது, எழுந்துவிட்டாள், ஐந்துக்கு மேலேதான் நிற்கும், இன்னொரு புதன், இன்னொரு ஆறு நிமிடம். இல்லை. “ஒரு நிமிஷம் சார், இதை மட்டும் கேட்டுக்கறேன்” என்றது நிரஞ்சனாவின் குரல், நாற்காலி மறுபடி இழுபட்டது. என் தங்கமே என்று வாய்விட்டுச் சொல்லிவிடப் பார்த்தாள். மூன்று இரண்டு. மூன்று மூன்று. வியர்வை காதுக்குப் பின்னால் இறங்கியது. மயில் தகரத்தைவிட்டுக் குதித்தது. மூன்று நாலு ஆனபோது ஒன்றும் நடக்கவில்லை, ஜெராக்ஸ் இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது, வெயில் கோடு ஒரு தரைக்கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு வந்திருந்தது, நீண்ட நேரம் நின்று காத்திருந்த பஸ் வந்து உட்கார இடமும் கிடைத்த மாதிரி அவள் உடம்பு தளர்ந்தது. அப்படியானால் நான் நினைத்தது சரிதான். நான் கெட்டவள் இல்லை. ஜெபக்கனி, கேட்டாயா, பொறாமை இல்லை. எண் அவரைப் பற்றியது இல்லை என்று ஒரு குரல் சொன்னது, அவளுடைய வகுப்பறைக் குரல்தான். கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள், அதற்கும் சரி என்றாள்.

மூன்று ஏழுக்குக் கதவு திறந்தது. முப்பத்தாறு. நிரஞ்சனா தாள்களில் சிவப்பு மையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். “அய்யோ அக்கா, இன்னும் இங்கயா இருக்கீங்க? எனக்காகவா? பாருங்க, ஒரு பக்கம் விடல, பூராவும் கிழிச்சுட்டார். வாங்க, கேன்டீன் போலாம், தலை வலிக்குது.” வடிவு சிவப்பு மையைப் பார்த்தாள். எவ்வளவு சிவப்பு. தன் தாள்களில் ஒரு டிக்கும் ஒரு கேள்விக்குறியும்தான். திட்டுவதைக்கூட அவளுக்குத்தான் கொடுக்கிறார். “நீ போ நிரஞ்சனா, எனக்கு ஆபீஸ்ல ஒரு வேலை.” அவள் படி இறங்கியதும் கைப்பேசியில் முப்பத்தாறு என்று போட்டாள். 0.048. ஐந்து சதவீதத்துக்குக் கீழே. திரையை அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி பார்த்தாள். 0.048. துறைத்தலைவர் மேடம் கிளம்பப் பையை மாட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை நின்றபடியே வாசித்தார். “நாலாவது வருஷத்துலயாம்மா? எட்டு மாசந்தானே ஸ்டைபண்ட் இருக்கு. யோசிச்சியா?” “இருபத்து மூணு வாரமா யோசிச்சேன் மேடம்.” “சார்கிட்டப் பேசிப் பாத்தியா? என்ன குறைன்னு அவர்கிட்டயே கேட்டியா?” வடிவு தரையைப் பார்த்தாள். “சரி மேடம்” என்றாள். எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் என்று மேடத்துக்குப் புரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. கடிதம் மேசை மேல் இருந்தது. எடுத்துக்கொள்ள நேரம் இருந்தது, மேடம் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார், ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். அவள் எடுக்கவில்லை.

குணசீலன் சார் மறுநாளே ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார், காரணம் கேட்கவில்லை. வடிவு புது நெறியாளரிடம் முதலிலிருந்து தொடங்கினாள். உதவித்தொகை நின்ற பிறகு ஒரு டியூஷன் சென்டரில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு எழுதினாள், ஒன்றரை வருடம் பிந்திச் சமர்ப்பித்தாள். ஜெபக்கனி சொன்னது இவ்வளவுதான்.

போன மாதம் வேறு ஒரு வேலையாக அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். சங்கிலி அண்ணன் இன்னும் அங்கேதான் இருக்கிறார். என்னைச் சரிபார்க்கச் சொன்னவர் யாருமில்லை, ஆனாலும் கேட்டேன்: அந்தப் புதன்கிழமைகளில் சார் நிரஞ்சனாவையும் இவரை அனுப்பித்தான் கூப்பிடுவாரா? “அந்தப் பிள்ளையையா? ஒரு நாளும் கெடையாது. அது தானா வந்து கதவத் தட்டும், சார் சில நேரம் நாளைக்கு வாம்மான்னுகூடச் சொல்லுவாவ. வடிவத்தான் தவறாம கூட்டியாரச் சொல்லுவாவ, அது தானா வராதுன்னு.” ஒருவர் நினைவை மட்டும் நம்பக்கூடாது என்று நிரஞ்சனாவுக்கும் போன் செய்தேன். இப்போது அவள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, நாலு வருடத்தில் சார் தன்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டு அனுப்பியதில்லை என்றாள்.